சூளையில் விழுந்த கணக்கு

அவையோருக்கு வணக்கம். போர்ச்சூழலில் ஆப்கானியக் குழந்தைகளின் அன்றாட வாழ்க்கை என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. குண்டுவெடிப்பில் தொடங்குவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் செங்கற்சூளையில் தொடங்குகிறேன். போர் அந்நாட்டுப் பிள்ளைகளின் தலையில் கடனாகவும் வந்து இறங்குகிறது. அந்தக் கடனைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

ஜலாலாபாத்தை ஒட்டிய சுர்க்ரோத் மாவட்டத்திலும் காபூலை அடுத்த தே சப்ஸ் மாவட்டத்திலும் சூளைகள் நிறைய உண்டு. அங்கே கல் அறுப்பது தனியாள் வேலை அன்று. குடும்பமே இறங்கிச் செய்யும் வேலை. தந்தை மண்ணைக் குழைத்துப் பதப்படுத்த, மூத்தவன் அச்சில் அறைந்து கவிழ்க்க, வெயிலில் வரிசையாகக் கிடக்கும் பச்சைக்கற்களைச் சிறு பிள்ளைகள் குந்தியபடியே நகர்ந்து, ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டு போவார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கை கூடினால் கல் கூடும் என்பதால் பிள்ளையின் கையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் இவ்விரு மாவட்டங்களிலும் நடத்திய ஆய்வில், கல் அறுப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 18 வயது நிரம்பாதவர்கள் என்று தெரியவந்தது.

இந்தக் குடும்பங்கள் சூளைக்கு வந்த வழியைத் தேடினால் போர் எதிர்ப்படுகிறது. 1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்த பின் இலட்சக்கணக்கானோர் பாகிஸ்தானுக்குத் தப்பிச் சென்றனர். நிலத்தையும் மந்தையையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அங்கே கிடைத்த வேலைகளுள் சூளை வேலையும் ஒன்று. மருத்துவச் செலவுக்கோ திருமணத்திற்கோ முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். கூலியில் அது பிடிக்கப்படும். பிடித்ததுபோக மிஞ்சுவது சாப்பாட்டுக்கே போதாமல் மறுபடியும் முன்பணம் வாங்குவார்கள். ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியபோது பலருக்குக் கையில் இருந்த தொழில் இது ஒன்றுதான். தாத்தாவை ஊரைவிட்டுத் துரத்திய போரை நேரில் பார்த்திராத பேரன்தான் இன்று கல்லைத் திருப்பிக்கொண்டிருக்கிறான்.

சூளைக்குப் போகாத பிள்ளைக்கும் வேலை இல்லாமல் இல்லை. காபூலின் கடுங்குளிரில் வீடுகளில் சந்தலி போடுவார்கள். தாழ்வான ஒரு மேசை, அதன் அடியில் கனல், மேலே நாற்புறமும் தரையில் புரளும் பெரிய மெத்தைப் போர்வை. அதற்குள் கால் நீட்டிக் குடும்பம் முழுவதும் சுற்றி உட்காரும். கதை சொல்வதும் உறங்குவதும் அங்கேயேதான். (குளிரைப் பற்றி எழுதுகிற நம்மவர்கள் இந்த இதத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.) ஆனால் அந்தக் கனலுக்கு ஏதேனும் வேண்டுமே! கரி வாங்க வழியில்லாத வீடுகளில் சுள்ளியும் அட்டையும் பொறுக்கி வருவது பிள்ளைகளின் பொறுப்பு.

சுள்ளி பொறுக்கும் காடுகரைகளில்தான் கண்ணிவெடிகளும் கிடந்தன. சோவியத் விமானங்கள் தூவிய, இரண்டு சிறகு விரித்த உள்ளங்கையளவுப் பிளாஸ்டிக் வெடியை விளையாட்டுப் பொருள் என்று எடுத்துக் கையிழந்த பிள்ளைகள் உண்டு. சிவப்புச் சாயம் பூசிய கல் கிடந்தால் அப்பால் போகாதே, வெள்ளைக் கல் என்றால் அகற்றியாயிற்று என்பது அந்த ஊர்ப் பிள்ளைகள் எழுத்தறியும் முன்பே அறியும் பாடம். செஞ்சிலுவைச் சங்கம் 1988இல் காபூலில் தொடங்கிய செயற்கை உறுப்பு மையத்தில் இத்தாலியரான அல்பெர்த்தோ கைரோ 1990 முதல் பணியாற்றினார். அங்கே கால் செய்து தருபவர்களில் பெரும்பாலோர் தாங்களும் மாற்றுத்திறனாளிகளே என்பது நான் மிகவும் மதிக்கும் செய்தி. ஆனால் வளரும் பிள்ளைக்கு ஒரு கால் போதாது. உடல் வளர வளர மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் தந்தை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தொலைவிலிருந்து அழைத்து வர வேண்டும்.

பெண் பிள்ளைகளின் கணக்கு வேறு. 2022 மார்ச் 23 அன்று காலை, ஆறாம் வகுப்பைக் கடந்த பெண்கள் பள்ளி திறக்கிறது என்று மகிழ்ந்து வந்து, அன்றைக்கே தாலிபான் அரசால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். படிப்பை விட மனமில்லாமல், தேறிய ஆறாம் வகுப்பிலேயே மறுபடியும் உட்கார்ந்த பெண்களும் உண்டு. 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் ஆட்சியைப் பிடித்த பின் ஆப்கன் மத்திய வங்கியின் சுமார் 700 கோடி டாலர் அமெரிக்காவில் முடக்கப்பட்டது. வங்கிகளில் பணம் இல்லை, ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. பஷ்தூன்கள் 'வல்வர்' என்று அழைக்கும் பரிசப்பணத்தை மணமகன் வீட்டார்தான் தர வேண்டும். பள்ளியும் இல்லாமல் வருமானமும் இல்லாமல் கடன்காரன் வாசலில் நிற்கும்போது, அந்தப் பரிசப்பணத்தை நினைத்துப் பார்க்கும் தந்தையை நான் கொடியவன் என்று சொல்லத் தயங்குவேன். சரி என்றும் சொல்ல மாட்டேன்.

2023 இறுதி முதல் பாகிஸ்தான் அரசு ஆப்கானியர்களை இலட்சக்கணக்கில் வெளியேற்றி வருகிறது. அவர்களுள் அங்கேயே பிறந்து, ஆப்கானிஸ்தானைப் பார்த்தே இராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பாயும் பாத்திரமும் ஏற்றிய லாரியில் தோர்க்கம் எல்லையைக் கடப்பவர்கள் முதலில் வந்து சேரும் பெருநகரம் ஜலாலாபாத். சுர்க்ரோத் அதற்கு அடுத்த மாவட்டம்.