ஜான் டென்வர் நம் பக்கம் பேசிய நாள்

அவையோருக்கு வணக்கம். அதிரடி ராக் இசையான மெட்டல் என்றால் உயிரைவிடும் தம்பி தங்கைகள் இங்கே நிறைய வந்திருக்கிறீர்கள். நானும் உங்களில் ஒருவன் என்ற உரிமையில் சொல்கிறேன். மற்ற இசையைத் திட்டினால்தான் மெட்டல்மேல் விசுவாசம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. அதை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. ‘இது பாட்டா, கூச்சலா?’ என்ற கேள்வியைக் கேட்காமல் நம்மில் யாரும் வளரவில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் பெத்தனி பிரைசன் 1996-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பலவகை இசையையும் ரசிக்கும் படித்தவர்கள்கூட எதை ஒதுக்கினார்கள் தெரியுமா? மெட்டல், ராப், அமெரிக்க நாட்டுப்புறச் சாயலுள்ள கன்ட்ரி, கிறிஸ்தவ பக்தி இசையான காஸ்பெல். அதிகம் படிக்காதவர்கள் கேட்கும் இசை என்று பெயர்பெற்ற நான்கு. ஒதுக்கியவர்கள் ராப்பையும் நம்மையும் சேர்த்தேதான் ஒதுக்கினார்கள்!

1985 செப்டம்பர் 19. பாடல் வரிகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று அமெரிக்க செனட் குழுவில் விசாரணை. புகாரைக் கிளப்பிய பெற்றோர் அமைப்பின் பட்டியலில் ஜூடாஸ் பிரீஸ்ட், பிளாக் சபாத், வெனம் ஆகிய மெட்டல் குழுக்கள் இருந்தார்கள். அதே பட்டியலில் பாப் பாடகர்களான பிரின்ஸ், மடோனா, சிண்டி லாபரும் இருந்தார்கள். பாடகர்கள் தரப்பில் பேச ட்விஸ்டட் சிஸ்டர் என்ற மெட்டல் குழுவின் டீ ஸ்னைடர் போனார், ராக் இசைக்கலைஞர் பிராங்க் ஜப்பா போனார். கூடவே ஜான் டென்வரும் போனார். மலையையும் ஊர்ச்சாலையையும் பாடிய மென்மையான மனிதர். தன் பாட்டையே போதைப் பாட்டு என்று சில வானொலி நிலையங்கள் தடுத்த கதையைச் சொல்லி, தணிக்கை கூடாது என்று உறுதியாக வாதாடினார். அவர் பாட்டை நம் ஆட்கள் எத்தனை பேர் மதித்தார்கள்?

அதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் த்ராஷ் என்ற அதிவேக மெட்டலின் ரசிகர்கள், பளபளப்பாக அலங்கரித்து வரும் கிளாம் மெட்டல்காரர்களை ‘போஸர்’, அதாவது வேஷக்காரர், என்று ஏசிக்கொண்டிருந்தார்கள். எக்ஸோடஸ் என்ற த்ராஷ் குழுவின் பாடகர் பால் பேலாஃப் அதை மேடை முழக்கமாகவே ஆக்கினார். பங்காளிச் சண்டை எப்போதும் உக்கிரமானதுதான். ஆனால் அந்த த்ராஷுக்கே வேகம் எங்கிருந்து வந்தது? நிறையவே பங்க் என்ற முரட்டு ராக் இசையிலிருந்து. த்ராஷ் குழுவான மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டன் மிஸ்ஃபிட்ஸ் என்ற பங்க் குழுவின் டி-ஷர்ட்டைப் பெருமையாகப் போட்டுக்கொண்டவர்.

ராப்பை வெறுக்கும் தம்பிகளே, ஸ்லேயர் என்ற த்ராஷ் குழுவின் ‘ரெய்ன் இன் பிளட்’ ஆல்பம் 1986-இல் வந்தது ராப்புக்குப் பேர்போன டெஃப் ஜாம் நிறுவனத்தில். தயாரித்தவர் ரிக் ரூபின். எதிரொலி பூசாமல் டிரம்மும் கிட்டாரும் காதில் நேராக வந்து அறைகின்றனவே, அது ராப் பதிவு செய்து பழகிய காது என்றே நான் நினைக்கிறேன். அதே ஆண்டு அவர் தயாரித்த பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழுவின் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு கிட்டார் வாசித்தவர் ஸ்லேயரின் கெர்ரி கிங்.

ஆந்த்ராக்ஸ் என்ற த்ராஷ் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் கிட்டார்காரர் ஸ்காட் ஐயன், பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் டி-ஷர்ட்டோடு மேடை ஏறுவார். பப்ளிக் எனிமியின் சக் டி தன் ‘பிரிங் த நாய்ஸ்’ பாட்டில் ஆந்த்ராக்ஸ் பெயரைச் சொல்வார். 1991-இல் அதே பாட்டை இரண்டு குழுவும் சேர்ந்து பதிவு செய்தார்கள். சேர்ந்தே ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். வீட்டுக்குப் போனதும் அதைச் சத்தமாகப் போட்டுக் கேளுங்கள். பின்பகுதியில் ஒரு சரணத்தை ராப் செய்வது நம் கிட்டார்காரர் ஸ்காட் ஐயன்.