அசையாத முகமும் அசைய வேண்டிய கைகளும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கோசுகே ஓனோ எழுதி வரைந்த 'கொகுஷுஃபுதோ' என்னும் நகைச்சுவை மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையை, உங்களில் பலர் 'தி வே ஆஃப் தி ஹவுஸ்ஹஸ்பண்ட்' என்ற ஆங்கிலப் பெயரில் படித்திருப்பீர்கள். ஷின்சோஷா பதிப்பகத்தின் 'குராகே பஞ்ச்' இணைய இதழில் 2018-ஆம் ஆண்டு தொடங்கிய இந்தத் தொடரின் ஆங்கிலப் பதிப்பு, 2020-ஆம் ஆண்டு நகைச்சுவைப் பிரிவில், சித்திரக்கதைகளுக்கான அமெரிக்க விருதான ஐஸ்னர் விருதைப் பெற்றது. அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சியாக்கி கோன் இயக்க, ஜே.சி.ஸ்டாஃப் நிறுவனம் உருவாக்கிய அனிமே, அதாவது ஜப்பானிய அசைவூட்டத் தொடர், நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தது. வந்த உடனேயே எழுந்த முறையீடு, படங்கள் அசையவில்லை என்பதுதான். மங்காக் கட்டங்களுக்கு வண்ணம் தீட்டி, குரல் சேர்த்து, ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிவிட்டார்கள் என்று ரசிகர்கள் வருந்தினார்கள். எனக்கும் அந்தத் தொடர் மீது மனக்குறை உண்டு. ஆனால் அசைவு குறைவு என்பதற்காக மட்டும் அதைக் குறை சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன். எதை அசையாமல் விட்டார்கள் என்பதைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

முதலில் மூலத்தின் சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று பார்ப்போம். 'சாகாத டிராகன்' என்று நிழலுலகமே நடுங்கிய, யாகுசா என்னும் ஜப்பானியக் குற்றக் கும்பலைச் சேர்ந்த தட்சு, திருமணத்துக்குப் பின் தொழிலைத் துறந்து, வேலைக்குச் செல்லும் மனைவி மிக்குவுக்காக வீட்டைப் பார்த்துக்கொள்கிறான். கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் முகத்துத் தழும்பும் அப்படியே இருக்க, அவற்றின் மேல் நாய்க்குட்டி படம் போட்ட சமையல் ஏப்ரனை அணிந்திருக்கிறான். மனைவி மறந்துவிட்டுப் போன மதிய உணவைக் கொண்டு சேர்க்கப் புறப்பட்டால் காவலர் வழிமறிக்கிறார். கடையில் தள்ளுபடி விற்பனை என்றால் எதிரிக் கும்பலின் கோட்டைக்குள் நுழைபவனைப் போல் நுழைகிறான். ஓனோ இதையெல்லாம் கேலிச் சித்திர பாணியில் வரையவில்லை. குற்றவுலகக் கதைகளுக்குரிய கனத்த மையும் ஆழ்ந்த நிழலும் கூரிய கோடுகளும் கொண்டு, கொலை நடக்கப்போகும் காட்சியைப் போலவே முட்டைக்கோஸ் நறுக்கும் காட்சியையும் வரைகிறார்.

இத்துடன் நின்றிருந்தால் இது ஒரே வேடிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் மங்காவாகப் போயிருக்கும். அவ்வாறு ஆகாமல் அதைக் காப்பது இன்னொன்று: தட்சு வீட்டு வேலையை மிக மிக நன்றாகச் செய்கிறான். ஆண்மகன் அடுப்படியில் தடுமாறுகிறான் என்று சிரிக்க வைக்கும் பழைய உத்தி இங்கே கிடையாது. கறையை எப்படிப் போக்குவது, மிஞ்சிய காயை எப்படி வீணாக்காமல் ஆக்குவது என்பதையெல்லாம் அறிந்த கைகள் அவனுடையவை. அக்கம்பக்கத்து இல்லத்தரசிகளின் சங்கத்தில் அவனுக்கு மதிப்பு இருப்பதும், பழைய அடியாளான மசா அவனிடம் மீண்டும் சீடனாக வந்து நிற்பதும் அந்தத் திறமையால்தான். முகம் அச்சுறுத்துகிறது, கைகள் பராமரிக்கின்றன. இந்த இரண்டும் ஒரே உடலில் இருப்பதைக் கண்டுதான் நாம் சிரிக்கிறோம், சிரித்துக்கொண்டே அவனை மதிக்கவும் தொடங்குகிறோம். இந்த மதிப்புத்தான் இந்த மங்காவின் உயிர் என்பது என் துணிபு.

இனி, அசைவைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் மரபுக்கு வருவோம். திரைப்படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. 1963-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் மங்கா ஓவியர் ஒஸாமு தெசுகாவின் 'டெட்சுவான் ஆட்டோம்' (ஆங்கிலத்தில் 'ஆஸ்ட்ரோ பாய்') அனிமே தொலைக்காட்சியில் தொடங்கியபோது, வாரந்தோறும் அரை மணி நேரத் தொடரைத் தருவதற்கு அவருடைய நிறுவனமான முஷி புரொடக்ஷனிடம் போதிய ஆளும் இல்லை, பணமும் இல்லை. எனவே ஒரே ஓவியத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தினார்கள். பேசும்போது வாயை மட்டும் அசைத்தார்கள். ஒரு முறை வரைந்த ஓட்டத்தையும் பாய்ச்சலையும் சேமித்துவைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார்கள். அசையாத ஓவியத்தின் மேல் கேமராவை நகர்த்தினார்கள். நெருக்கடியில் பிறந்த இந்த வழிமுறைகளே பின்னர் ஜப்பானிய அனிமேஷனின் இலக்கணமாயின. அதே முஷி புரொடக்ஷனில் வளர்ந்த இயக்குநர் ஒஸாமு தெசாகி, 1970-களில், உணர்ச்சியின் உச்சத்தில் காட்சியை உறையவைத்து, அந்தச் சட்டகத்தை மட்டும் செறிவான ஓவியமாகத் தீட்டிக் காட்டும் முறையைத் தமக்கே உரிய முத்திரையாக்கினார். குத்துச்சண்டை வீரனின் அடி விழும் கணத்தில் படம் நின்றுவிடும். அந்த நிற்றலில் பார்வையாளனின் மூச்சும் நிற்கும்.

தெசாகியிடம் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் படத்தை நிறுத்துவதற்கு முன் அது ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டம் இருந்ததால்தான் நிற்றலுக்கு எடை கிடைத்தது.

ஓட்டமே இல்லாமலும் ஒரு கலைப்படைப்பு நிற்க முடியும் என்பதற்கும் ஜப்பானிலேயே சான்று இருக்கிறது. திரைப்பட இயக்குநர் நாகிசா ஓஷிமா 1967-ஆம் ஆண்டு, சன்பே ஷிராட்டோவின் 'நின்ஜா புகெய்ச்சோ' மங்காவைத் திரைப்படமாக்கியபோது எதையும் புதிதாக அசைவூட்டவில்லை. மூல ஓவியங்களையே கேமராவின் முன் வைத்து, வெட்டுகளாலும் நகர்வுகளாலும் குரல்களாலும் ஒலியாலும் முழுநீளப் படம் ஒன்றை உருவாக்கினார். அதற்கும் முன்னால், 1930-களின் ஜப்பானியத் தெருக்களில் மிட்டாய் விற்றபடி மிதிவண்டியில் வந்த காமிஷிபாய்க் கதைசொல்லிகள், மரச்சட்டத்தில் செருகிய படங்களை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொன்னார்கள். ஒரு படத்தைப் பாதி உருவி நிறுத்துவதும், சட்டென்று முழுவதையும் இழுப்பதும் அவர்கள் கையில் இருந்த வித்தை. படம் அசையாவிட்டாலும் காலம் அவர்கள் பிடியில் இருந்தது. ஆகவே, அசையாத படங்களால் ஆனது என்பதனாலேயே ஒரு தொடரை அனிமே இல்லை என்று தள்ளுவோர், அந்த நாட்டின் மரபில் பாதியைச் சேர்த்தே தள்ளுகிறார்கள்.

இந்த அளவுகோலோடு சியாக்கி கோனின் தொடரைப் பார்க்கும்போது, அது எங்கே வெல்கிறது என்பது தெளிவாகிறது. அசையாத தட்சுவின் முகம் திரையில் அழகாகவே வேலை செய்கிறது. கண்ணாடியின் பளபளப்பும் இறுகிய தாடையும் சிறிதும் மாறாமல் நிற்க, அந்த முகத்துக்குள்ளிருந்து, தட்சுவுக்குக் குரல் கொடுத்த நடிகர் கென்ஜிரோ சுடாவின் கரகரத்த, அடித்தொண்டைக் குரல் எழுகிறது. கத்திரிக்காயின் விலையைச் சொல்லும்போதும் பழிவாங்கும் சபதத்தைச் சொல்லும் அதே கனம். நடிகர் அந்தக் கனத்தை ஓரிடத்திலும் தளரவிடவில்லை. இது வேடிக்கை என்று எனக்குத் தெரியும் என்ற பாவனை அவர் குரலில் எங்கும் இல்லை. முகத்தை நெளித்து வளைத்து அசைவூட்டியிருந்தால் இந்தக் குரலுக்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்காது. மங்காவைப் படிக்கும்போது நாம் மனத்துக்குள் கேட்ட குரலைவிட இது சிறந்தது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

காலத்தைக் கையாள்வதில் அதே அளவு வெற்றி இல்லை. மங்காவில் காலம் வாசகனுக்குச் சொந்தம். ஜப்பானிய நூல் வலமிருந்து இடமாகப் படிக்கப்படுவதால், இடப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு மிரட்டலை வைத்துவிட்டு, பக்கத்தைப் புரட்டியதும் மிரட்டலுக்குக் காரணமான பொருள் ஒரு தள்ளுபடிச் சீட்டு என்று காட்ட முடியும். அந்தப் புரட்டலின் வேகம் என்னுடையது. அச்சமும் ஆறுதலும் என் விரலில் இருக்கின்றன. கைபேசியில் படிப்பவருக்கும் இது பொருந்தும். அனிமே இந்த உரிமையை வாசகனிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்டபின் அதை அவனைவிட நன்றாகப் பயன்படுத்த வேண்டிய கடமை அதற்கு வந்துவிடுகிறது. இருபது நிமிடத்துக்கும் குறைவான ஒவ்வொரு பகுதியிலும் பல துணுக்குகளை அடுக்கியிருப்பதால், இந்தத் தொடர் பெரும்பாலும் விரைந்தே செல்கிறது. ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இன்னும் சில நொடிகள் மௌனமாகக் காத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றும் இடங்கள் பல. காத்திருப்பதற்குப் புதிய ஓவியம் எதுவும் வேண்டியதில்லை.

இவ்விடத்தில் 'குரோமார்ட்டி உயர்நிலைப் பள்ளி'யை நினைவுகூர்வது பொருத்தம். எய்ஜி நோனாகாவின் அந்த மங்காவும் முரட்டு முகங்களைக் கனமான பாணியில் வரைந்து அபத்தத்தைச் சொல்வதுதான். அதை ஹிரோவாகி சகுராய் இயக்கத்தில் புரொடக்ஷன் ஐ.ஜி. நிறுவனம் 2003-ஆம் ஆண்டு அனிமேயாக்கியது. அதிலும் அசைவு மிகக் குறைவு. ஆனால் அந்தத் தொடருக்கு நிற்றலை நீட்டத் தெரிந்தது. ஒருவரும் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும் சட்டகம், பொறுமையின் எல்லை வரை நீடிக்கும். வகுப்பில் ஓர் இயந்திர மனிதன் அமர்ந்திருக்கிறான் என்பதைப் பலரும் கவனிக்காததுபோல் இருக்க, அதைக் கவனித்த ஒருவனின் திகைத்த முகம் மட்டும் திரையில் நிற்கும். அங்கே மாணவர்கள் எதையும் செய்வதில்லை. நின்று, பார்த்து, தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எனவே அசையாமை அவர்களின் இயல்போடு ஒத்துப்போனது.

தட்சு அப்படிப்பட்டவன் இல்லை. அவன் ஓயாமல் வேலை செய்பவன். நான் முன்பே சொன்ன அந்தக் கைகளிடம்தான் அனிமே நேர்மையாக நடந்துகொள்ளவில்லை. கத்தி இறங்கும் லாகவமும், மாவு விரியும் வட்டமும், துணி உதறப்படும் வீச்சும் மங்காவில் அசைவற்ற கோடுகளே. ஆனாலும் இரண்டு கட்டங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் வாசகனின் கற்பனை அந்த அசைவை முழுமையாக நிரப்பிவிடுகிறது. திரையில் அந்த வெற்றிடம் கிடையாது. நொடிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது கத்தி நின்ற இடத்திலேயே நின்றால், கற்பனை நிரப்புவதற்கு இடமில்லாமல், கத்தி நிற்கிறது என்பதையே கண் பதிவு செய்கிறது. பின்னணியில் நறுக்கும் ஓசை கேட்கும். சற்று நேரத்தில் முடிந்த உணவு தட்டில் தோன்றும். அவன் அதைச் செய்ததை நாம் காண்பதில்லை. இதன் விளைவாக, மிரட்டும் முகம் முழுதாக வந்து சேர்கிறது. பராமரிக்கும் கை பாதியிலேயே நின்றுவிடுகிறது. சிரிப்பு மிஞ்சுகிறது, மதிப்புக் குறைகிறது. முன்னாள் எதிரியான தோராஜிரோ, க்ரேப் என்னும் மெல்லிய இனிப்புத் தோசை விற்கும் வண்டி நடத்தும் பாத்திரமாக வரும்போது இந்த இழப்பு மேலும் உறைக்கிறது, ஏனெனில் அவர்கள் இருவரின் பகை கைத்திறனின் போட்டியாக மாறியிருப்பதுதான் அங்கே கதை.

இது இயலாதவர்களின் குறை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். சியாக்கி கோன், 'நோடாமே கான்டாபிலே'வின் பாரிஸ் பகுதியையும் இறுதிப் பகுதியையும் இயக்கியவர். பியானோவின் மீது ஓடும் விரல்களைக் காட்டியே தீர வேண்டிய தொடர் அது. கைகள் ஒரு பாத்திரத்தைப் பற்றி எவ்வளவு சொல்லும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். முழுத்தொடரையும் அசைவூட்டியிருக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. முகங்களை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு துணுக்கிலும் ஒரே ஒரு முறை, வேலை உச்சம் பெறும் அந்த நான்கைந்து நொடிகளுக்கு மட்டும் கைகளை உயிர்பெறச் செய்திருந்தால், உறைந்த முகத்துக்கும் இயங்கும் கைக்கும் உள்ள முரண் திரைக்கே உரிய புதிய நகைச்சுவையாக மலர்ந்திருக்கும். தெசாகி ஓட்டத்தின் நடுவே நிறுத்தினார். இங்கே நிற்றலின் நடுவே ஓடவிட்டிருக்கலாம்.

என் கருத்துக்கு ஆதரவாக அதே 2021-ஆம் ஆண்டு வந்த இன்னொரு முயற்சியைச் சொல்ல வேண்டும். கென்ஜிரோ சுடாவே தட்சுவின் உடையில் நேரில் தோன்றி, வீட்டு வேலைகளை நேர்த்தியாகச் செய்து காட்டும் குறும்பகுதிகளை நெட்ஃபிளிக்ஸ் தனியாக வெளியிட்டது. அதில் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மனிதன் இறுகிய முகத்தோடு, முழுக் கவனத்தோடு ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கிறான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வருகிறது. அவன் கைகளின் மீது மரியாதையும் வருகிறது. அனிமேயில் நான் தேடிய அந்த மற்றொரு பாதி அங்கே கிடைத்தது.

2021 அக்டோபரில் வந்த தொடர்ச்சியும், 2023 ஜனவரியில் வந்த இரண்டாம் பருவமும் அதே பாணியையே கடைப்பிடித்தன. இது தற்செயலாக நேர்ந்த சிக்கனம் இல்லை, தேர்ந்து எடுத்த பாதை என்பதை அது காட்டுகிறது. அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் மங்காவின் முதல் தொகுதியிலிருந்து தொடங்குங்கள். சமையலறைக் கட்டங்களில் தட்சுவின் முகத்தை விட்டுவிட்டு அவன் விரல்கள் பாத்திரத்தை எப்படிப் பிடித்திருக்கின்றன என்று பாருங்கள். பிறகு அனிமேயைத் திறந்து, ஜப்பானிய மொழி ஒலியிலேயே, சுடாவின் குரலுக்காகக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.