இருவாச்சிக்கும் ஒரு பெட்டி மாட்டினால் என்ன?

வணக்கம். போன பேச்சுக்கு வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டு வராந்தாவில் சிட்டுக்குருவிக்கு அட்டைப் பெட்டி மாட்டினோம், குருவி வந்துவிட்டது. மரப்பொந்தில் கூடு வைக்கும் பெரிய காட்டுப் பறவையான மலை இருவாச்சி, பொந்து கிடைக்காமல் திண்டாடுகிறது என்கிறீர்களே, அதற்கும் பெரிய பெட்டி ஒன்று மாட்டினால் என்ன?"

மாட்டிப் பார்த்திருக்கிறார்கள், அம்மா. சிங்கப்பூரில் பல காலமாகக் காணாமல் போயிருந்த ஒரு சிறிய இருவாச்சி இனம் 1994இல் புலாவ் உபின் தீவில் மறுபடி தென்பட்டது. பிறகு கூட்டுப் பெட்டிகள் வைத்தார்கள், பலன் கிடைத்தது. தாய்லாந்தில் பிலாய் பூன்சுவாத் என்ற அம்மையாரின் குழு இன்னும் ஒரு படி போனது. பொந்தின் தரை உள்வாங்கிவிட்டால் இருவாச்சி அதைக் கைவிட்டுவிடும். இவர்கள் மரமேறி மண் போட்டுத் தரையை உயர்த்தினார்கள், வாய் குறுகிப்போன பொந்தை அகலப்படுத்தினார்கள். இருவாச்சிக்கு மரங்கொத்தி மாதிரி பொந்து குடையத் தெரியாது, இருப்பதில்தான் குடியேற வேண்டும். அதனால் அந்த வேலைக்கு மதிப்பு உண்டு.

ஆனால் பெட்டி வீடு மட்டும்தான். சோறு?

நம் சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இது மனப்பாடம், இருந்தாலும் இன்னொரு தடவை சொல்கிறேன். பெண் பறவை பொந்துக்குள் போய், தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்கிறது. ஒரு கீறல் மட்டும் மிச்சம். உள்ளே இறக்கைச் சிறகுகளை உதிர்த்துவிடுவதால் நினைத்தாலும் பறக்க முடியாது. மூன்று நான்கு மாதம் ஆண் பறவை கொண்டு வருவதுதான் சாப்பாடு. தொண்டைப் பையில் அத்திப்பழங்களை நிரப்பிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கக்கி அந்தக் கீறல் வழியே ஊட்டும். வால்பாறைப் பக்கம் அது வரும் சத்தமே கேட்கும், ரயில் இன்ஜின் ஆவி விடுவது போல. அந்த ஆணை ஒருவன் சுட்டால் உள்ளே இருக்கும் தாயும் குஞ்சும் பெரும்பாலும் பட்டினியில் போய்விடும். ஒரு குண்டுக்கு ஒரு குடும்பம்.

வால்பாறைக்கு வந்த நண்பர் ஒருவர் தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களைக் காட்டி, "இவ்வளவு பச்சை இருக்கே, இங்கே ஏன் கூடு கட்டாது?" என்றார். அதில் பழமும் கிடையாது, பொந்தும் கிடையாது. தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கும் சோலைகளில் கருங்குங்கிலியம், வெடிப்பலா, காட்டு ஜாதிக்காய், அத்தி வகைகள் இருக்கின்றன. அங்கே பாழ்பட்ட இடங்களில் 2000களின் தொடக்கத்திலிருந்து இந்த நாட்டு மரங்களை நட்டு வருகிறார்கள். இன்று நட்ட கன்றில் இருவாச்சி நுழையும் அளவுக்குப் பொந்து விழ எத்தனை தலைமுறை ஆகுமோ! ஆகவே இருக்கிற கிழட்டு மரத்தை வெட்டாமல் விடுவதே முதல் வேலை.

நீங்கள் கேட்டது பெட்டியைப் பற்றி. "கூட்டை யார் காவல் காப்பது?" என்று கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன். அருணாசலப் பிரதேசத்தில் பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டி நிஷி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய தலையணியில் இருவாச்சி அலகு இருக்கும். நிஜ அலகுக்குப் பதிலாகக் கண்ணாடியிழை அலகு கொடுக்கும் முயற்சி வந்தது, பலர் ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் 2011-12இல் கூடு தத்தெடுப்புத் திட்டம். நகரத்து ஆட்கள் பணம் தருகிறார்கள், கிராமத்து இளைஞர்கள் சம்பளத்துக்குக் கூடுகளைக் கண்காணிக்கிறார்கள். அவர்களில் முன்பு வேட்டையாடியவர்களும் உண்டு. எந்த மரம், எந்தப் பொந்து என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? கேரளத்து வாழச்சால் காட்டில் காடர் பழங்குடியினர் செய்வதும் இதே காவல்தான். எனக்கு இதில்தான் நம்பிக்கை, ஆணி அடித்த பெட்டியில் அவ்வளவாக இல்லை.

பொள்ளாச்சிப் பெண் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஜனவரியிலிருந்து மே வரை ஆனைமலையில் கூட்டுக்காலம். யாராவது கூடு காட்டுகிறேன் என்று கூப்பிட்டால் மரத்தடிக்குப் போகாதீர்கள். கீழே ஆள் நின்றால் ஆண் பறவை தூரத்திலேயே உட்கார்ந்துவிடும், ஊட்ட வராது. கூட்டின் இடத்தைப் படத்தோடு இணையத்தில் போடவும் வேண்டாம். சரி, அடுத்த கேள்வி மதுரையிலிருந்து.