உப்புத் தண்ணீருக்குப் பழகிய நுளம்பு

வணக்கம் நேயர்களே. "இந்த வெயிலுக்கு நுளம்பெல்லாம் செத்துப் போகும்" என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வெப்பம் அளவுக்கு மிஞ்சினால் நுளம்பின் ஆயுள் குறையும். ஆனால் டெங்கு நுளம்பு வெயிலில் நின்று காய்வதில்லை. கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால், கொடியில் தொங்கும் உடுப்புக்குள் போய் இருந்துகொள்ளும்.

நோயாளியைக் கடித்த நுளம்பு உடனே நோயைப் பரப்பிவிடாது. குடித்த இரத்தத்தோடு போன வைரஸ் அதன் உடம்பில் பெருகி, உமிழ்நீருக்கு வந்து சேர வேண்டும். 25 பாகை செல்சியஸில் இதற்குச் சராசரியாக இரண்டு வாரம் பிடிக்கும். 30 பாகையில் ஏறக்குறைய ஒரு வாரம் போதும். நுளம்பு உயிரோடு இருப்பதே சில வாரங்கள்தான். இரண்டு வாரம் என்றால் பல நுளம்புகள் அதற்குள் செத்துவிடும். ஒரு வாரம் என்றால் தப்பிப் பிழைத்துக் கடிப்பவை கூடும்.

இது வெப்பம் செய்கிற வேலை. நுளம்பு தானாகச் செய்கிற வேலை ஒன்றும் இருக்கிறது. என்னைப் பேசக் கூப்பிட்டால் நான் அதற்குத்தான் வந்து நிற்பேன் என்பது தயாரிப்பாளருக்கும் தெரியும்.

டெங்கு நுளம்பு நன்னீரில்தான் பெருகும் என்று படித்தோம். நானும் வகுப்பில் அதைத்தான் படிப்பித்தேன். ஆனால் யாழ்ப்பாணக் கரையோரங்களில் பேராசிரியர்கள் ரஞ்சன் ராமசாமியும் சின்னத்தம்பி சுரேந்திரனும் தேடிப் பார்த்தபோது, கைவிட்ட வள்ளங்களிலும், பாவிக்காத கிணறுகளிலும், எறிந்த போத்தல்களிலும் இருந்த உவர்நீரிலேயே குடம்பிகள், அதாவது நுளம்புப் புழுக்கள், நெளிந்தன. 2011இல் அதை வெளியிட்டார்கள். லீட்டருக்கு 15 கிராம் வரை உப்புள்ள தண்ணீர் அது. கடல்நீரிலேயே சுமார் 35 கிராம்தான்!

இதைப் படித்த பிறகு கரைக்குப் போகும்போதெல்லாம் ஒரு வெள்ளைக் கோப்பை கொண்டுபோவேன். ஒரு நாள் கரையில் இழுத்து விட்டிருந்த பழைய வள்ளமொன்றில் அள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "உப்புத் தண்ணியில நுளம்பு எங்க பெருகப் போகுது, மாஸ்டர்?" கோப்பையை நீட்டினேன். குடம்பிகள் துள்ளின. அவர் நம்பவில்லை, வள்ளத்துத் தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது. துப்பிவிட்டு எழும்பினார். இரண்டு பேருமாக வள்ளத்தைக் கவிழ்த்தோம். பிறகு பக்கத்து வள்ளத்தையும் கவிழ்த்தோம். அது யாருடையது என்று நான் கேட்கவில்லை.

உவர்நீரில் வளரும் குடம்பிகளின் மேற்தோல் தடித்திருப்பதையும் ஆய்வாளர்கள் பின்னர் கண்டார்கள். உப்புக்குப் பழகியதன் அடையாளம் அது. சூடான நாட்டில் முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஒன்றரை வாரம் போதும். ஒரே வருடத்தில் எத்தனை தலைமுறை, எண்ணிப் பாருங்கள். புதிய சூழலுக்குப் பழகிக்கொள்ள அவ்வளவு வாய்ப்பு அதற்கு.

சரி, இதற்கும் காலநிலைக்கும் என்ன தொடர்பு? யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் உப்புநீருக்கு மேலே மிதக்கும் மழைநீரைத்தான் கிணற்றில் இறைக்கிறோம். கடல்மட்டம் உயர்ந்தால் உப்பு உள்ளே வரும். நாம் மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தாலும் வரும். மனிதருக்கு உதவாத கிணறுகள் கூடும். நுளம்புக்கு அவை உதவும். ஆகவே சொல்கிறேன், நன்னீரை மட்டும் தேடாதீர்கள். உவர்க் கிணறென்றாலும் மூடுங்கள், வலையாவது போடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மலேரியாவைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த ஆண்டு முடியும் தறுவாயில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபன்சி பிடிபட்டது. இந்திய நகரங்களில் கிணற்றிலும் மாடித் தாங்கியிலும் பெருகி மலேரியா பரப்புகிற இனம். பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். மிச்சத்தை இன்னொரு நாள் பேசலாம். நன்றி, வணக்கம்.