சுங்கான் பிடிக்கும் கை

வணக்கம் நேயர்களே.

என் பெரியப்பா இரணைமடுக் குளத்தில் வேலை பார்த்தவர். விடியற்புறம் குளக்கட்டில் சைக்கிளில் வரும்போதே வாயில் சுங்கான், அதாவது புகையிலை பிடிக்கும் குழாய், இருக்கும். குளத்து மதகான துருசைத் திறக்க இரண்டு கையும் வேண்டும். அந்த நேரம் சுங்கானின் பாரம் முழுவதும் பல்லுக்குப் போய்விடும். நான் பல் வைத்தியம் படித்து முடித்து வந்த புதிதில் அவருடைய வாயைப் பார்த்தேன். இடப்பக்க வேட்டைப்பல் ஒரு மூலை தேய்ந்திருந்தது. வாயைத் திறக்கும்போதெல்லாம் தாடை மூட்டு ‘டக்’ என்றது. ஐரோப்பாவில் பழைய சவக்காலைகளைத் தோண்டியவர்கள், களிமண் சுங்கான் பிடித்தவர்களின் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேருமிடத்தில் வட்டமான துவாரம் விழுந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். கடித்துக் கடித்துத் தேய்ந்த துவாரம் அது.

அதனால் சுங்கான் பிடிப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, அதைக் கையில் வைத்திருங்கள் என்பதுதான்.

மண்வெட்டியைப் பிடியின் நுனியில் ஒற்றைக் கையால் பிடித்து நீட்டிப் பாருங்கள். மணிக்கட்டு நோகும். அதையே இரும்புக்குக் கிட்டப் பிடித்தால் பாரம் தெரியாது. சுங்கானில் பாரமான பகுதி நெருப்பு இருக்கும் கிண்ணம். நேரான தண்டென்றால் அது பல்லிலிருந்து பாதிச் சாணுக்கு மேல் தள்ளி நிற்கும். நுனியைப் பிடித்துத் தாங்கும் வேலை தாடைக்கு. வளைந்த தண்டென்றால் கிண்ணம் நாடிக்குக் கிட்டத் தொங்கும். ஒரே நிறையுள்ள இரண்டு சுங்கானில் வளைந்தது இலேசாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். வேலை நேரத்தில் கடித்துத்தான் ஆகவேண்டும் என்பவர்கள் 40 கிராமுக்குள் உள்ளதை வைத்திருப்பது நல்லது. முன்பல்லால் கடிக்கவேண்டாம். வேட்டைப்பல்லுக்குப் பின்னால் வைத்து, உதட்டால் தாங்கி, பல்லை மெல்லப் பதித்தால் போதும். பக்கத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். நுனிக்குப் போட மெல்லிய இறப்பர் உறையும் உண்டு.

கையில் பிடிப்பதற்கு வருவோம். கிண்ணம் உள்ளங்கைக் குழியில் உட்காரவேண்டும். பெருவிரல் ஒரு பக்கம், நடுவிரலும் மோதிரவிரலும் மறுபக்கம், சுட்டுவிரல் தண்டின் மேல். இறுக்கத் தேவையில்லை, குருவிக்குஞ்சை வைத்திருப்பதுபோல இருந்தால் சரி. முழங்கையைக் கதிரைக் கையிலோ தொடையிலோ ஊன்றினால் தோளும் ஓய்ந்துவிடும். கிண்ணம் சூடேறினால் விரலைத் தண்டும் கிண்ணமும் சேரும் இடத்துக்கு நகர்த்தலாம்.

ஆனால் அந்தச் சூட்டைக் கவனிக்காமல் நகர்த்தவேண்டாம். கிண்ணத்தைக் கன்னத்தில் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் நீங்கள் அவசரப்பட்டு இழுக்கிறீர்கள். சுங்கானைக் கீழே வைத்து ஆறவிடுங்கள். வாயிலேயே கடித்திருப்பவருக்கு இது தெரியாது. மூச்சுக்கு மூச்சு அவர் இழுத்துக்கொண்டிருப்பார், நாக்கு வெந்துபோகும், எச்சிலும் தண்டுக்குள் இறங்கிக் களகளவென்று சத்தம் போடும். நம் வன்னியில் சோளகம் வீசும் மாதங்களில் திறந்த வெளியில் நின்றால் இன்னும் மோசம். காற்றே துருத்திபோல நெருப்பை ஊதிவிடும். காற்றுக்கு முதுகைக் காட்டி, கிண்ணத்தின் வாயைக் கையால் மறைத்துப் பிடிக்கவேண்டும். சூடாக இருக்கும்போது தண்டைத் திருகிக் கழற்றவும் வேண்டாம், பொருத்து முறிந்துவிடும்.

துருக்கியில் தோண்டியெடுக்கும் வெள்ளைக் கல்லில் குடைந்த சுங்கான் மட்டும் வேறு விதம். அதற்கு மெழுகு ஏற்றியிருப்பார்கள். சூட்டில் தொட்டால் விரல் அடையாளம் பதியும் என்பதால் தண்டில்தான் பிடிப்பார்கள்.

வைத்தியனாக ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. சுங்கான் புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் உதடு, நாக்கு, தொண்டைப் புற்றுநோய் வரலாம். எப்படிப் பிடித்தாலும் அந்த ஆபத்து குறையாது. விட முடிந்தவர்கள் விட்டுவிடுங்கள். வாயில் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் உடனே காட்டுங்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது என்பதையும் கடைக்காரர்கள் மறக்கவேண்டாம்.

பெரியப்பா என் சொல்லைக் கேட்டு, துருசு திருப்பும்போது சுங்கானைக் கட்டுக்கல்லின் மேல் சாய்த்து வைக்கப் பழகிக்கொண்டார். தேய்ந்த பல் தேய்ந்ததுதான். தாடையின் அந்தச் சத்தம் சில மாதங்களில் நின்றுவிட்டது.