புள்ளி வைத்தால் ஆறு தெரியும்

நேயர்களுக்கு வணக்கம். வரைபடத்தைப் பற்றிப் பேச வானொலிக்கு அழைத்திருக்கிறார்கள். காட்ட வழியில்லை, சொல்லத்தான் முடியும். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பாதகமில்லை, மனதிலேயே வரைந்துகொள்ளலாம்.

ஒரு நாட்டின் புவியியல் என்றதும் பரப்பளவு, மலை, ஆறு, தலைநகரம் என்று பட்டியல் போட்டு நெட்டுருப் போடுவதுதான் நம்மில் பலருக்குப் பழக்கம். எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. வரைபடம் ஒன்று, மக்கள்தொகை ஒன்று, கொடியும் அரசுச் சின்னமும் ஒன்று. இந்த மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே கதையைச் சொல்வது அபூர்வம். எங்கே ஒத்துப்போகவில்லை என்று தேடிப் பாருங்கள். அந்த நாடு பிடிபடத் தொடங்கும்.

எகிப்தை எடுத்துக்கொள்வோம். வரைவது சுலபம். மேற்கு எல்லையும் தெற்கு எல்லையும் ஏறக்குறைய நேர்கோடுகள். வடக்கே மத்தியதரைக் கடல், கிழக்கே செங்கடல். எல்லையை மட்டும் வரையுங்கள், நைல் நதியை வரையவே வேண்டாம். இனி, ஒரு லட்சம் பேருக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டு, மக்கள் எங்கே வாழ்கிறார்களோ அங்கே புள்ளி வையுங்கள். 2020-இல் எகிப்தின் மக்கள்தொகை 10 கோடியைத் தொட்டது. அப்படியென்றால் ஆயிரம் புள்ளிகள். கெய்ரோவுக்கும் அதை ஒட்டிய நகரங்களுக்கும் மட்டும் ஏறக்குறைய இருநூறு. வைத்து முடித்ததும் தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். தெற்கே அஸ்வானிலிருந்து வடக்கே நீண்ட காம்பு, கெய்ரோவைத் தாண்டியதும் விரிந்த பூ. நீங்கள் வரையாத நைல் அங்கே வந்து நிற்கும்.

இதே கணக்கைச் சராசரியாகச் சொன்னால் இந்தச் சேதி மறைந்துவிடும். எகிப்தின் பரப்பு சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர். பத்துக் கோடியை அதால் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு நூறு பேர். கேட்க நிதானமான எண்தான். ஆனால் மக்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்வது சுமார் 5 சதவீத நிலத்தில். அந்த நிலத்துக்கு மட்டும் வகுத்தால் இரண்டாயிரத்தை நெருங்குகிறது. மறுபக்கம், தென்மேற்கில் அல்-வாதி அல்-ஜதீத் என்றொரு மாகாணம். நாட்டின் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் அது ஒன்றுதான். அங்கே உங்கள் பென்சில் வைக்கப்போவது இரண்டு மூன்று புள்ளிகள். அதுவும் கார்கா, தாக்லா போன்ற பாலைவனச் சோலைகளில்.

சரி, கொடிக்கு வருவோம். இத்தனை கோடிப் பேரைத் தாங்கும் அந்த ஆறு எகிப்தின் கொடியில் இல்லை. சிவப்பு, வெள்ளை, கறுப்புப் பட்டைகள், நடுவில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட சுல்தான் சலாதீனின் கழுகு. எகிப்து தன் கொடியில் நிலத்தைச் சொல்லவில்லை, வரலாற்றைச் சொல்கிறது. கொடியை மட்டும் பார்த்து அந்த நாட்டின் நிலத்தைப் படிக்க முயன்றால் ஏமாந்துதான் போவோம்.

அதற்கு நேர் எதிர் காம்பியா. மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றின் இருகரையையும் பிடித்துக்கொண்டு கிடக்கும் சின்ன நாடு. நீளம் 300 கிலோமீட்டருக்கு மேல். அகலம் எங்கேயும் 50 கிலோமீட்டர் அளவைத் தாண்டாது. கடற்கரையை விட்டால் மற்ற எல்லாப் பக்கமும் செனெகல். 1965-இல் சுதந்திரம் பெற்றபோது ஏற்றிய கொடியில் மேலே சிவப்பு, கீழே பச்சை, நடுவில் ஆற்றைக் குறிக்கும் நீலப் பட்டை. கிட்டத்தட்ட வரைபடத்தையே துணியில் தைத்த மாதிரி. ஆனால் மக்கள்தொகையைக் கொண்டுவந்து வைத்தால் இங்கேயும் ஒரு மாறுபாடு. நாடு சிறியது என்பதால் ஒரு லட்சத்துக்கு ஒரு புள்ளி என்றால் இருபத்துச் சொச்சம் புள்ளிகளோடு கதை முடிந்துவிடும். பத்தாயிரத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள். புள்ளிகள் ஆற்றோரமாகச் சீராகப் பரவவில்லை. பாதிக்கு மேல் முகத்துவாரத்தை ஒட்டிய மேற்குப் பக்கத்தில் குவிந்துவிடுகின்றன. கொடியில் ஆறு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே அகலத்தில் ஓடுகிறது, மக்கள் கடலோரத்துக்கு நகர்ந்துவிட்டார்கள்.

வரைபடத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பள்ளிச் சுவர்களில் நாம் பார்த்துப் பழகிய உலகப் படங்களில் பல, 1569-இல் மெர்கேட்டர் என்ற வரைபட வல்லுநர் வகுத்த முறையில் வரைந்தவை. திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துச் செல்லும் மாலுமிக்கு அந்தப் பாதை நேர்கோடாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது. அந்த வேலைக்கு அருமையான படம். ஆனால் துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை ஊதிக் காட்டும். அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவு. உண்மையில் ஆப்பிரிக்கா பதினான்கு மடங்கு பெரியது.

கனடாவும் அந்தப் படத்தில் ஊதித்தான் தெரியும், அதுவும் ஆள் குறைந்த வடபகுதி. அங்கே நூனவுட் என்ற ஆட்சிப்பகுதி சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 37,000-க்கும் குறைவு. லட்சத்துக்கு ஒரு புள்ளி என்றால் அந்தப் பெருநிலத்துக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. கனடாவின் கொடியில் இருப்பது மேப்பிள் இலை. சர்க்கரை மேப்பிள் மரம் நூனவுட்டில் வளராது. அது தென்கிழக்குக் கனடாவின் மரம். ஒன்டாரியோ, கியூபெக் என்ற இரண்டு மாகாணங்களில்தான் நாட்டின் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். ஆக, இங்கே கொடியும் புள்ளிகளும் ஒரு பக்கம், வரைபடம் மறுபக்கம்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஆர்மீனியா. அதன் அரசுச் சின்னத்தின் நடுவில் அராரத் மலை இருக்கிறது. 5,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த, பனி மூடிய மலை. வரைபடத்தில் தேடினால் அது துருக்கிக்குள் இருக்கும். 1921-இல் செய்த ஒப்பந்தங்கள் போட்ட எல்லை அது. சோவியத் காலச் சின்னத்திலும் அராரத் இருந்தது. எங்கள் மலையை எப்படி நீங்கள் போடலாம் என்று துருக்கி கேட்டதாம். உங்கள் கொடியில் நிலா இருக்கிறதே, நிலா உங்களுடையதா என்று சோவியத் தரப்பு திருப்பிக் கேட்டதாம். நடந்ததோ இல்லையோ, கதை நன்றாகத்தான் இருக்கிறது! மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் அந்தச் சின்னத்தின் நியாயம் புரியும். சுமார் 30 லட்சம் பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தலைநகர் யெரெவானில் இருக்கிறார்கள். வானம் தெளிந்த நாளில் அந்த நகரத்திலிருந்து அராரத் நன்றாகத் தெரியும். அந்தப் பக்கத்து எல்லை வழியோ பல ஆண்டுகளாக அடைபட்டுக் கிடக்கிறது.

பொலிவியாவின் கணக்கு இன்னும் விசித்திரம். 1879-இல் தொடங்கிய போரில் சிலேயிடம் கடற்கரையை முழுவதும் இழந்த நாடு அது. இன்றும் கடற்படை வைத்திருக்கிறது, டிட்டிகாக்கா ஏரியில். கடலுக்கு வழி கேட்டுச் சர்வதேச நீதிமன்றம் வரை போனார்கள். 2018-இல் தீர்ப்பு சிலேக்குச் சாதகமாக வந்தது. பொலிவியாவின் வரைபடத்தில் இருப்பவை ஒன்பது மாகாணங்கள். அரசுச் சின்னத்தில் நட்சத்திரங்கள் பத்து. பத்தாவது, பறிபோன கடற்கரைக்கு. அது இன்று சிலேயின் அன்டோஃபகாஸ்டா பகுதி. அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பது சிலே அரசு.

நன்றி, வணக்கம்.