டயரைச் சுற்றி அளக்காமல், உருட்டி அளந்து பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. டயர் மாற்றிய வண்டியில் மீட்டர் சரியாகக் காட்ட, டயர் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் உருள்கிறது என்று அளப்பதுதான் இன்றைய வேலை. நான் இப்போது நிற்பது எங்கள் ஊர் அரிசி ஆலையின் நெல் களம். இன்று காலை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஆலைக்காரர் இதை எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். மழைநீர் வடிவதற்காகக் குறுக்கே மிக லேசான சரிவு இருக்கிறது என்றாலும், நான் வண்டியை உருட்டப்போகும் நீளவாக்கில் முப்பது மீட்டருக்குத் தரை ஒரே மட்டமாக இருப்பதை மட்டக்குழாய் வைத்துப் பார்த்துவிட்டேன்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு, என் பிக்கப் வண்டியில் இருந்த 215/75 ஆர் 15 டயர்களைக் கழற்றிவிட்டு 235/75 ஆர் 15 போட்டேன். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் இந்த எண்களிலிருந்தே அதன் உயரத்தைக் கணக்கிட முடியும். 215 மில்லிமீட்டர் அகலத்தில் 75 விழுக்காடு என்றால் பக்கச்சுவர் 161.25 மில்லிமீட்டர் ஆகும். அதை இரட்டித்து, 15 அங்குல ரிம்முக்கான 381 மில்லிமீட்டரைச் சேர்த்தால் 703.5 மில்லிமீட்டர் விட்டம் கிடைக்கிறது. புதிய டயருக்கு அதே கணக்கு 733.5 வருகிறது. அதாவது 4.26 விழுக்காடு பெரிய சக்கரம். வண்டியின் வேகத்தையும் கிலோமீட்டரையும் காட்டும் மீட்டருக்கு இந்த மாற்றம் தெரியாது. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை மட்டுமே அது எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பது அதற்குள் முன்பே பதிந்து வைக்கப்பட்ட எண்.

டயர் மாற்றிய மறுநாள் கைப்பேசியின் ஜி.பி.எஸ்ஸோடு ஒப்பிட்டபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பழைய டயரில் முள் 80 காட்டும்போது ஜி.பி.எஸ் 77 என்று காட்டும். புதிய டயரில் இரண்டும் 80 என்று ஒத்துப்போயின. மீட்டர் தானாகவே சரியாகிவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் நடந்தது வேறு. மீட்டர் உண்மையான வேகத்தைக் குறைத்துக் காட்டவே கூடாது, குறிப்பிட்ட வரம்புவரை கூட்டிக் காட்டலாம் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் 39ஆம் எண் வாகன ஒழுங்குவிதி. அதனால்தான் கம்பெனிக்காரர்கள் முள்ளைக் கொஞ்சம் தூக்கியே வைக்கிறார்கள். நான் போட்ட பெரிய டயர் அந்தக் காப்பு இடைவெளியைத் தின்றுவிட்டது, அவ்வளவுதான்.

முள்ளுக்கு இருக்கும் இந்தத் தாராளம் கிலோமீட்டர் எண்ணிக்கைக்கு இல்லை. நான் வழக்கமாக ஓட்டும் 50 கிலோமீட்டர் தடத்தைப் பழைய டயரில் மீட்டர் சரியாக 50 என்றே காட்டிவந்தது. புதிய டயரில் அது 48ஐத் தாண்டவில்லை. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 11.5தான் கொடுக்கிறது என்று இரண்டு வாரம் டீசல் பங்க்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே, டயர் மாற்றியவர்கள் முள்ளைப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். தெரிந்த ஒரு தூரத்தை ஓட்டி, கிலோமீட்டர் எண்ணிக்கையைப் பாருங்கள்.

அடுத்த தவறும் என்னுடையதே. வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, தையல்காரர் டேப்பை டயரைச் சுற்றிப் பிடித்து, 230 சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவர் ஸ்கேனரை மாட்டி 2300 மில்லிமீட்டர் என்று பதிந்தார். இப்போது அதே 50 கிலோமீட்டர் தடம் 51.3 என்று காட்டுகிறது!

காரணம் எளிது. அந்தரத்தில் நிற்கும் டயர் முழு வட்டம். பாரம் ஏறிய டயர் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகிறது. அதற்காக, சக்கரத்தின் நடுவிலிருந்து தரைவரை உள்ள உயரத்தை ஆரமாக எடுத்துக் கணக்கிட்டாலும் விடை தவறும், ஏனென்றால் ரேடியல் டயருக்குள் (எண்களில் ‘ஆர்’ என்று குறிப்பது இந்த வகையைத்தான்) இருக்கும் எஃகுப் பட்டை எளிதில் சுருங்காது. அது ராணுவ டாங்கியின் சங்கிலிப் பட்டை போல மடிந்து உருள்கிறது. உண்மையான உருளும் சுற்றளவு இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. ஐரோப்பிய டயர் தர அளவுகளில் ரேடியலுக்கு விட்டத்தை 3.14ஆல் பெருக்காமல் 3.05ஆல் பெருக்குவது இதனால்தான். என் டயருக்கு அந்தக் கணக்கு 2237 மில்லிமீட்டர் சொல்கிறது. நேரில் அளந்தால் என்ன வருகிறது என்று பார்ப்போம்.

காலையில் வண்டி ஓடுவதற்கு முன்பே, டயர் குளிர்ந்திருக்கும்போது, காற்றைச் சரிபார்த்துவிட்டேன். கேமராவை இப்படித் திருப்புகிறேன், பாருங்கள். பின் சக்கரத்தின் கட்டையில், அதாவது தரையைத் தொடும் ரப்பர்ப் பகுதியில், ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரு விரல் அகலத்துக்குக் குழைத்த சுண்ணாம்பைக் குறுக்கே தடவியிருக்கிறேன். பின் சக்கரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், என் வண்டியில் வேக சென்சார் கியர்பாக்ஸின் பின்பக்கம் இருப்பதால், அது எண்ணுவது இழுக்கும் சக்கரங்களின் சுற்றைத்தான். இனி முதல் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், ஸ்டியரிங்கை ஆட்டாமல், பிரேக் போடாமல் வண்டி நேராக நடைவேகத்தில் போக வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் சுண்ணாம்பு தரையில் ஒரு கோடு போட்டுக்கொண்டே போகும்.

இதோ, பதினொரு கோடுகள். கடைசி மூன்றும் மங்கல்தான். குனிந்து பார்த்தால் ஓரம் தெரிகிறது. முதல் கோட்டின் முன் ஓரத்திலிருந்து பதினொன்றாம் கோட்டின் முன் ஓரம்வரை எஃகு டேப்பை இழுத்துப் பிடிக்கிறேன். துணி டேப் இழுத்தால் நீளும், அது வேண்டாம். இடது சக்கரம் 22 மீட்டர் 43 சென்டிமீட்டர். வலது சக்கரத்தை முன்பே அளந்துவிட்டேன், 22 மீட்டர் 39. டயருக்கு டயர் இந்த அளவு வேறுபாடு இயல்பு. இரண்டு பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் இரண்டின் சராசரியையே எடுத்துக்கொள்வதால், நாமும் 22.41 என்று வைத்துக்கொள்ளலாம். பத்துச் சுற்றுக்கு இது என்றால் ஒரு சுற்றுக்கு 2241 மில்லிமீட்டர். பத்துச் சுற்று உருட்டியதன் பயன் இங்கே தெரியும்: டேப்பைப் படிப்பதில் நான் ஒரு சென்டிமீட்டர் தவறினாலும், ஒரு சுற்றுக்கு அது ஒரு மில்லிமீட்டர்தான்.

நேற்று ஐம்பது கிலோ மூட்டை பதினாறு ஏற்றியும் உருட்டிப் பார்த்தேன், சராசரி 22.34 வந்தது. ஏழு சென்டிமீட்டர் குறைவு, அதாவது 0.3 விழுக்காடு. நான் வெறும் வண்டியின் அளவையே பதியப் போகிறேன், ஏனென்றால் பாரம் ஏறும்போது மீட்டர் உண்மையைவிட ஒரு துளி கூடுதலாகக் காட்டும். அது பாதுகாப்பான பக்கம்.

தேய்ந்த பழைய டயரையும் புதிய டயரையும் உருட்டி, அந்த விகிதத்தால் திருத்திவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதில் கவனம் தேவை. கட்டை 5 மில்லிமீட்டர் தேய்ந்தாலே சுற்றளவில் 31 மில்லிமீட்டர் போய்விடும், அந்தத் தேய்மானமும் விகிதத்தில் கலந்துவிடும். என் அளவு டயரில் அது ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு.

உங்கள் மீட்டர் சுற்றளவைக் கேட்காமல், கிலோமீட்டருக்கு எத்தனை துடிப்பு (சென்சார் அனுப்பும் மின் சைகை) என்று கேட்டால், 1000 மீட்டரை 2.241ஆல் வகுங்கள், 446.2 சுற்று வரும். அதைப் பின் அச்சின் கியர் விகிதத்தாலும், கியர்பாக்ஸ் தண்டின் ஒரு சுற்றுக்குச் சென்சார் கொடுக்கும் துடிப்புகளாலும் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, விகிதம் 4.1, துடிப்பு 8 என்றால் ஏறத்தாழ 14,636. கேபிள் மீட்டர் உள்ள பழைய வண்டிகளில் பதிவதற்கு எண் எதுவும் இல்லை. கியர்பாக்ஸ் முனையில் கேபிளைச் சுழற்றும் சிறிய பல்சக்கரத்தை வேறு பல் எண்ணிக்கைக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். 10.00 ஆர் 20 என்ற எழுத்தில் பக்கச்சுவர் விழுக்காடு இல்லாததால், நான் முதலில் போட்ட கணக்கை அப்படியே அதற்குப் போட முடியாது. அதிலிருந்து 295/90 ஆர் 20க்கு மாறுபவர்கள் உருட்டித்தான் அளக்க வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய வண்டியில், அந்தக் கருவியும் இதே எண்ணைத்தான் நம்பியிருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

மாலையில் மெக்கானிக்கிடம் போய் 2300ஐ அழித்துவிட்டு 2241 பதியச் சொல்வேன். நாளை அதே 50 கிலோமீட்டர் தடத்தை ஓட்டி, மீட்டர் காட்டுவதை அடுத்த வீடியோவில் காண்பிக்கிறேன். இப்போது தரையில் இருக்கும் சுண்ணாம்பைக் கழுவியாக வேண்டும், பத்து மணிக்கு நெல் வந்துவிடும்.